விரைவாக வந்த எண்ணிக்கை

ஜூரோங்கில் இருந்த எங்கள் கப்பல் பட்டறையின் விபத்து அட்டவணை, அங்குள்ள கணினியிலேயே இருந்தது. சிராங்கூன் ரோடு அலுவலகத்திலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக ஒவ்வொரு வரியாக இழுத்து எண்ணினால் எனக்குக் காலை முழுக்கப் போய்விடும். அதனால், அந்தக் கணினியே எண்ணி மொத்தத்தை மட்டும் அனுப்பும்படி மாற்றினேன். நொடியில் வந்தது. கை நசுங்கியவர்கள்: மூன்று.

பட்டறைக் கிளார்க் பூரணம் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"ரெண்டுதான் லா. நான்தானே டைப் பண்ணேன்."

சொல்லி முடிப்பதற்குள் இரும்புத் தகடு விழும் சத்தம். ஒருவன் அலறினான். விரல்களைப் பொறுக்கித் துணியில் கட்டியதாகப் பிறகு சொன்னார்.

மறுநாள் இன்னும் வேகமாக வந்தது. இறந்தவர்கள்: ஒன்று. அந்தப் பட்டறையில் அதுவரை யாரும் இறந்ததில்லை. என் தம்பி இயேசுதாசன் அங்கேதான் வெல்டர்.

"அக்கா, தம்பி எங்க?"

"கப்பலுக்கு அடியில வேலை செய்றான்."

"உடனே கூப்பிட்டு உங்க பக்கத்துலயே உக்கார வைங்கக்கா. கெஞ்சிக் கேக்கிறேன்."

தம்பி வந்து போனை வாங்கினான். "உனக்கென்ன பைத்தியமாண்ணே? சரி, அக்கா கோப்பி தர்றாங்க, குடிச்சிட்டுப் போறேன்." பக்கத்தில் பூரணம் அக்கா சிரிப்பது கேட்டது.

நிம்மதியாக, போனை வைக்காமலே, கணினியை மறுபடி எண்ணச் சொன்னேன். இறந்தவர்கள்: இரண்டு.

"வெளியே ஓடுங்க!" என்று கத்தினேன். இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் மேல் கூரை இடிந்து விழுந்தது.