‘லேட்’ என்று ஒரு சொல்

தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனியில் ஆங்கிலக் கடிதங்களை ஸ்பானிஷில் மொழிபெயர்ப்பது பெனிட்டாவின் வேலை. நடுக்கடலில் இறந்துபோன ஒரு மாலுமியின் பொருட்களை அனுப்புவதாகப் பெரு நாட்டிலிருந்த அவன் தாய்க்குக் கடிதம் போனது. அவனை வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட் முன்பே சாவுச் செய்தியைச் சொல்லியிருப்பார் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அதனால் ஆங்கிலக் கடிதத்தில் மகன் பெயருக்கு முன்னால் ‘லேட்’ என்று மட்டும் இருந்தது. சாப்பாட்டுக்கு எழும் அவசரத்தில் பெனிட்டா அதை ‘வரத் தாமதமாகும்’ என்று எழுதிவிட்டாள்.

பதில் ஸ்பானிஷில் வந்தது. “தாமதமானால் என்ன, வரட்டும். அவன் அறைக்கு வெள்ளையடித்துவிட்டேன். தேதி மட்டும் சொல்லுங்கள்.”

பெனிட்டா ஆங்கிலக் கடிதத்தை எடுத்து அந்த ‘லேட்’டை மறுபடி பார்த்தாள். செத்துப்போன தன் அப்பாவின் பெயருக்கு முன்னால் எத்தனை விண்ணப்பங்களில் அதே சொல்லை எழுதியிருக்கிறாள்!

“என்னம்மா எழுதிருக்காவ?” என்று மேனேஜர் நயினார் கேட்டார்.

“நன்றி சொல்லிருக்காவ சார்.”

“அப்ப ஃபைல மூடிரு.”

மூடினாள். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம், அங்கே விடிந்திருக்கும் என்று கணக்குப் பார்த்து, கடிதத்திலிருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். முதல் மணியிலேயே எடுத்தார்கள். தூத்துக்குடியிலிருந்து பேசுகிறேன் என்றாள் ஸ்பானிஷில்.

“வந்துவிட்டானா?” என்று சிரிப்போடு கேட்டது அந்தக் குரல்.