விதைக்கடைக் கம்ப்யூட்டரின் சந்தனப் பொட்டு

செஞ்சியில் செல்லப்பனின் விதைக்கடைக் கம்ப்யூட்டரில் புது டேட்டாபேஸ் ஏற்றப் போயிருந்தேன். யாரோ எப்போதோ போட்டுவிட்டுப் போன பழைய டெவலப்பர் டூல் என்ற மென்பொருள் ஒன்று அதை ஏறவிடவில்லை. அதை நீக்கினால் வேலை முடிந்தது.

ஆனால் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடவே அருவருப்பாக இருந்தது. ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை அப்பிய சந்தனம் சி.பி.யு.வின் மேல் விரல் கனத்துக்குக் காய்ந்து கிடந்தது. அதில் எறும்பு, தலைமுடி, நமுத்த பொரி. சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். டூலையும் நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன்.

டூல் திரும்ப வந்திருந்தது. ஏற்றிய தேதி என்று அன்றைய தேதியையே காட்டியது. துடைத்த இடத்தில் ஈரமாக ஒரு சந்தனப் பொட்டு.

“யாருங்க இத வெச்சது?”

“யாரும் வெக்கலியே. நீதானம்மா கிட்டயே குந்தினு இருக்குற,” என்றார் செல்லப்பன். “பூஜைக்கு வெச்சத ஏம்மா தொடைக்கிற?”

மறுபடி துடைத்தேன், மறுபடி நீக்கினேன். மறுபடி இரண்டும் வந்தன.

“சீ! வேற ஆளப் பாத்துக்கோங்க.”

குழாயடியில் மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். விரலில் புளித்த சந்தன வாடை போகவில்லை.

திண்டிவனம் பஸ்ஸில் உட்கார்ந்து என் லேப்டாப்பை வெளியே எடுத்தேன். போன வாரம் வாங்கியது. மூடியில் கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக் தாளை நான் இன்னும் உரிக்கவில்லை.

பொட்டு அந்தத் தாளுக்கு அடியில் இருந்தது. ஈரம் காயாமல். அதில் ஒரு எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது.