ஓட்டையில் உட்கார்ந்த நத்தை

மீன்தொட்டிக்குக் கீழே, கண்ணாடித் தடுப்பு ஒட்டி இரண்டு அறையாக ஒரு வடிகட்டும் தொட்டியை ஜெரால்டு செய்து வைத்திருந்தான். மேலிருந்து இறங்கும் தண்ணீரிலுள்ள மீன்கழிவையெல்லாம் முதல் அறையில் ஸ்பாஞ்ச் பிடித்துக்கொள்ளும். தடுப்பிலுள்ள ஓட்டை வழியாகத் தண்ணீர் அடுத்த அறைக்குத் தெளிந்து வரும். அங்கிருக்கும் மோட்டார் அதை மேலே மீன்களுக்கு ஏற்றும்.

"உன் அறைத் தண்ணி இனிமே இந்தப் பக்கம் வரக்கூடாது. நாத்தம் தாங்கல!" என்று மோட்டார் ஒருநாள் ஸ்பாஞ்சிடம் கத்தியது. கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருந்த நத்தையைக் கூப்பிட்டு ஓட்டையை அடைத்து உட்காரச் சொன்னது.

"அண்ணே, கொஞ்சம் யோசிச்சுக்குங்க" என்றது ஸ்பாஞ்ச்.

"நீ பேசாதே!"

சற்று நேரத்தில் மோட்டாரின் அறை வறண்டுவிட்டது. உடம்பெல்லாம் கொதிக்க, "நத்தை, எந்திரி! உயிர் போகுது!" என்று அது அலறியது.

"ஐயையோ, இதோ ஓடுறேண்ணே!" என்று பதறிய நத்தை, ஒரு கொம்பை மெதுவாக வெளியே நீட்டியது.