ஊன்றுகோல்

சர்க்கரை நோயில் இடது காலை இழந்த பிறகும் ஜெயசிங் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் கிளட்ச்சைக் கையால் இயக்கும்படி மாற்றச் சம்மதிக்கவில்லை. “ஒரு ஓட்டை போட்டாக்கூட ஒரிஜினல் போயிடும்.” அதனால் பக்கத்து இருக்கையிலிருந்து மனைவி ரூபிதான் அவருடைய ஊன்றுகோலால் கிளட்ச்சை அமுக்குவாள். கியரை அவர் மாற்றிக்கொள்வார். வண்டிக்குள் அவர்கள் பேச்சே “அமுக்கு”, “விடு” மட்டும்தான்.

அன்று மலையிறக்கத்தில் “அமுக்கு” என்றார். அமுக்கினாள். “விடு” என்றார். கோல் எழவில்லை.

“விடு ரூபி, வண்டி ஓடுதுல்ல!”

அவள் தலை சரிந்து அவர் தோளில் விழுந்தது. அவர் கழுத்தில் அவள் மூச்சு படவில்லை. உடலின் பாரமெல்லாம் கோலின்மேல். எஞ்சினின் பிடி விட்டுப்போய் வண்டி தானாக வேகமெடுத்தது. எதிரே கொண்டை ஊசி வளைவு.

இத்தனை வருடத்தில் இந்த வண்டிக்குள் அவள் அவர்மேல் சாய்ந்ததே இல்லை. பிரேக் போட்டால் தலை நழுவிவிடும். ஜெயசிங் வலது காலை அசைக்கவில்லை.