முழங்காலுக்குப் பின்னால்

ஞாயிற்றுக்கிழமை பந்தயம், இன்று வெள்ளி. மெக்சிகோவின் கொசுமெல் தீவில் மாலை வெயில் முற்றத்துச் சுவரில் சாய்ந்து கிடக்க, வில்பெர்த் பப்பாளித் துண்டுகளை மென்றபடி மனைவி லாண்டியின் மடிமேல் கால் நீட்டியிருக்கிறான். விழுந்தால் காயம் துடைக்கச் சுலபமென்று சைக்கிள்காரர்கள் எல்லோரும் காலை மழித்துக்கொள்கிறார்கள். கட்டுப்போட்ட தன் பாதத்தை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு, லாண்டி அவன் கெண்டைக்காலில் சோப்பு நுரையைத் தடவுகிறாள். நீச்சல், சைக்கிள், ஓட்டமென்று நாள் முழுக்க நீளும் இந்தப் பந்தயம் அவளுடைய ஆசை. அவன் துணைக்கு வந்தவன். தண்ணீரில் முகம் வைக்கப் பயந்தவனுக்கு இதே கடலில் மூச்சுவிடக் கற்றுக்கொடுத்தவள் அவள். போன மாதம் சைக்கிளிலிருந்து விழுந்து, இப்போது பந்தயத்தில் இறங்க முடியாமல் போனவளும் அவள்தான்.

"கூசுது லாண்டி, மெல்ல." "நாள் பூரா ஓடப்போறவனுக்கு இதுகூடத் தாங்கலையா?" "உன் பேரச் சொல்லிக்கிட்டேதான் நீந்துவேன், பாரு." "வாயத் திறக்காத. உப்புத்தண்ணி உள்ள போயிரும்." அவன் சிரிக்கிறான். சிரிப்பில் அவன் தசை அவள் விரல்களுக்கடியில் இறுகித் தளர்கிறது. அவளுக்கு வந்திருக்க வேண்டிய தசை. சவரக்கத்தி கிண்ணத்துத் தண்ணீரில் முங்கி எழுகிறது. நுரையில் முடி மிதக்கிறது. கணுக்காலிலிருந்து தொடைவரை ஈரம் வெயிலில் மினுமினுக்கிறது. முழங்காலுக்குப் பின்னால், அவன் கண்ணுக்கு எட்டாத குழிவில், கத்தி ஒரு கணம் நிற்கிறது. அங்கே காசளவு முடியை அப்படியே விட்டுவிட்டு, சுற்றிலும் அழகாக மழிக்கிறாள். பின்பு துண்டை எடுத்து, அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் ஒற்றுகிறாள்.

"முடிஞ்சுதா?" என்கிறான்.

"முடிஞ்சுது. குழந்த கால் மாதிரி இருக்கு."