அறுபது நூல்

“மேல்தட்டு அறுபது நூல்னு சீட்டுல எழுதிக் குடுத்தேனா இல்லையா?”

சக்கரவர்த்தி ஐயா போட்ட சத்தம் செங்கம் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். புது புத்தக அலமாரி பக்கத்தில் முருகையன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

“குடுத்தீங்க ஐயா. அதே அளவுதான் வெச்சிருக்கேன். அறுபது நூல், ஏழரை இஞ்சு.”

“ஏழரைதான்! உனக்கா எனக்கான்னுதான் தெரியல. நூல்னா புத்தகம்யா! அறுபது புத்தகம் நிக்கணும்னு எழுதினா, ஒண்ணுகூட நொழையாத மாதிரி அடிச்சு வெச்சிருக்க!”

“எங்க தச்சு வேலையில எட்டு நூல் ஒரு இஞ்சுங்க. மணிதான் சீட்டைப் படிச்சுச் சொல்லுச்சு...”

உப்புத்தாளும் கையுமாக இருந்த மணிமொழி, புருஷன் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தாள்.

“எத்தினியாவது வரைக்கும் படிச்ச?” ஐயா அவளைக் கேட்டார்.

“அஞ்சாவதுங்க.”

“அதான பாத்தேன். ஆயுசுல ஒரு புத்தகத்தத் தொட்டிருந்தா நூல்னா என்னான்னு தெரிஞ்சிருக்கும்!” ஐயா பக்கத்து வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். “பாத்தீங்களா நீலகண்டன், இந்தக் கூத்த? இவன்கிட்டயா உங்க வீட்டுக் கதவு வேலையக் குடுக்கப் போறீங்க?”

நீலகண்டன் காப்பியை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார்.

மணிமொழி உப்புத்தாளைக் கீழே வைத்தாள். அந்தக் கதவு வேலையை நம்பித்தான் அடுத்த ரெண்டு மாசம் வீட்டில் உலை கொதிக்கணும்.

“ஏங்க,” என்றாள் முருகையன் காதோரமாக. “கீழ்த்தட்டு பன்னெண்டு இஞ்சு இருக்குதே. நடுப்பலகைய ரெண்டு இஞ்சு கீழ எறக்கிட்டா?”

“எறக்கலாம். பலகை சொருகின பழைய காடி பல்லை இளிக்குமே?”

“மரத்துண்டு வெச்சு அடைச்சிடுங்க. மரத்தூளும் பசையும் கொழைச்சுப் பூசி நான் தேச்சுடறேன்.”

பலகையைக் கழற்றி, புதுக் காடி வெட்டி, அவன் இறக்கிப் பொருத்தினான். பழைய காடி இருந்த இடமே தெரியாத அளவுக்கு அவள் தேய்த்தாள். விரல் நுனியெல்லாம் எரிந்தது.

ஐயா தடவிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

“ம்... அடுக்கிக் குடுத்துட்டே போங்க. நீலகண்டனும் பாக்கட்டும், நிக்குதான்னு. ஏம்மா, கையைத் தொடச்சிட்டுத் தொடு.”

மணிமொழி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்து முதல் புத்தகத்தை எடுத்தாள். அட்டை தானாக விரிந்தது. உள்ளே ஊதா முத்திரை, அதன் கீழே பேனா எழுத்து.

அடுத்ததிலும் அதே முத்திரை. அதற்கடுத்ததிலும்.

அவள் கை அப்படியே நின்றது.

பத்து வயசில் பள்ளிக்கூடம் விட்டதும் எத்தனை தடவை ஊர்ப் படிப்பகத்துக்குப் போய்ப் புத்தகம் கேட்டிருப்பாள்! “வெளிய போயிருக்கு பாப்பா, வந்ததும் தர்றேன்.” எப்போதும் அதே பதில். புத்தகமே இல்லாத படிப்பகத்துக்கு யார் வருவார்கள்? ஒரு நாள் அதையும் பூட்டிவிட்டார்கள்.

“என்ன, எழுத்துக் கூட்டிப் பாக்கறியா?” ஐயா நீலகண்டனைப் பார்த்துக் கண்ணடித்தார். “சத்தமாத்தான் படியேன், நாங்களும் கேப்போம்!”

நீலகண்டன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

‘எதுவும் பேசிடாதே’ என்று முருகையன் கண்ணாலேயே கெஞ்சினான். கதவு வேலை அவளுக்கும் ஞாபகம் இருந்தது. தலையைக் குனிந்தபடியே, ஒரு எழுத்துகூடத் திக்காமல் படித்தாள்.

“மலையடிப் படிப்பகம், அடி அண்ணாமலை. எடுத்தவர் பெயர், சக்கரவர்த்தி. திருப்பித் தர வேண்டிய நாள், ஆகஸ்ட் பன்னிரண்டு, ரெண்டாயிரத்து ஒம்பது.”