வெடிக்காத தோட்டா

“புதுத் துப்பாக்கி. விசையை அழுத்தினா ‘டிக்’னு சத்தம் மட்டும்தான் வருது,” என்று அலுத்துக்கொண்டான் ஆர்வோ. “நான் நாயோட காடெல்லாம் சுத்திக் கடமானை இவன் நின்ன பக்கம் விரட்டிவிட்டேன். இவன் கோட்டை விட்டுட்டான். ஊரே சிரிக்குது.”

பக்கத்தில் நின்ற தம்பி ரெய்னோ துப்பாக்கியை மேசைமேல் வைத்தான். தூங்கிப் பல நாளான முகம்.

ஃபின்லாந்தின் அந்த வடகோடி ஊரில் துப்பாக்கி பழுதுபார்ப்பவள் ஹில்க்கா. தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டைத் துப்பாக்கியிலிருந்து கழற்றினாள். உள்ளே, கம்பெனியில் தடவிய கிரீஸ் மெழுகாய் உறைந்திருந்தது.

“துடைக்காமலே காட்டுக்குக் கொண்டு போனீங்களா? இந்தக் குளிர்ல ஊசி எப்படித் தோட்டாவை வேகமா அடிக்கும்?” துடைத்து மாட்டினாள். “இனிமே வெடிக்கும்.”

ஆர்வோ வண்டியைக் கிளப்பப் போனான். ரெய்னோ துப்பாக்கியை அவள் பக்கமே தள்ளினான்.

“வித்துடுங்க. எனக்கு வேணாம்.”

“ஒரு கடமான் தப்பினதுக்கா?”

“கடமானே வரலைங்க. பனிமூட்டத்துல புதர் அசைஞ்சுது. குறி பார்த்து அழுத்தினேன், வெடிக்கலை. மறுபடி அழுத்துறதுக்குள்ள புதரை விலக்கிக்கிட்டு அண்ணன் வந்து நின்னான்.”

ஹில்க்கா வாசல் பக்கம் பார்த்தாள். “அவருக்குத் தெரியுமா?”

“சொல்ல வாய் வரலை. கடமான்னு சொல்லிட்டேன்.”

வெளியே ஹார்ன் அலறியது. “டேய், அந்தத் துப்பாக்கியைக் கட்டிக்கிட்டு அழப் போறியா? வா, பசிக்குது.”

ரெய்னோவுக்கு அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே நிற்க வேண்டும்போல் இருந்தது.